டிரான்ஸ்ஃபார்மர் மேடையின் கம்பியை எர்த் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேனல் கதவைத் திறப்பவரின் கை இரும்பில் இருக்கிறது, கால் கான்கிரீட்டில். ஃபால்ட் (மின்கசிவு போன்ற பழுது) வரும் நொடியில் பேனல் உடலின் மின்னழுத்தம் ஏறுகிறது. கான்கிரீட் மேடைக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் பேனலோடு இணைந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும். கைக்கும் காலுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் வராது. கம்பி தனியாகக் கிடந்தால் அந்த வித்தியாசத்தை ஆளின் உடம்புதான் தாங்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளாமல், "மேடைக் கம்பியே எர்த் ஆகிவிடும், தனியாக எர்த் பிட் (எர்த் குழி) வேண்டாம்" என்று விடுவது முதல் தவறு. ஈரக் கான்கிரீட் மின்சாரத்தைக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் அடியில் பாலித்தீன் ஷீட் விரித்துவிட்டால் மண்ணோடு தொடர்பே அறுந்துவிடும். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பான என்.இ.சி., கம்பியை எர்த் எலக்ட்ரோடாக (மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் முனையாக) ஏற்க 6 மீட்டர் நீளம், சுற்றிலும் 50 மி.மீ. கான்கிரீட், மண்ணோடு நேரடித் தொடர்பு மூன்றும் கேட்கிறது. எபாக்ஸி பூசிய கம்பியை ஏற்பதில்லை. நம் நாட்டு விதிப்படி டிரான்ஸ்ஃபார்மர் உடலுக்கு இரண்டு தனி எர்த் இணைப்புகள் எப்படியும் வேண்டும். ஷீட் போட்டிருந்தாலும் கம்பியை இணைத்தே ஆக வேண்டும், அது ஆளைக் காக்க.

வெல்டிங்கில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். கம்பி குறுக்கே போகும் இடத்தில் பொட்டு வைத்ததுபோல ஒரு டேக் அடித்துவிட்டுப் போனால் இணைப்பும் உருப்படாது, சுமை தாங்கும் கம்பியும் அரிபடும். மேடையின் ஓரத்தைச் சுற்றி எர்த்துக்கென்றே 12 மி.மீ. கம்பி ஒன்றைத் தனியாக ஓட்டுங்கள். மற்றவற்றைக் கட்டுக்கம்பியால் அதோடு இறுக்கிக் கட்டுங்கள். வெல்டிங் அந்தக் கம்பியில் மட்டும், குறைந்தது 50 மி.மீ. நீளத்துக்கு. கட்டி மட்டும் நீட்டுவதானால் விட்டத்தைப்போல் 20 மடங்கு நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிய (ஓவர்லாப்) வேண்டும்: 12 மி.மீ. கம்பிக்கு 240 மி.மீ.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு, மண்ணில் புதைந்த செம்பைப்போலவே நடந்துகொள்ளும். அதோடு மண்ணில் ஜிஐ பட்டையை (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) இணைத்தால் துத்தநாகம் கரைந்து, பிறகு பட்டையே போய்விடும். மண்ணில் ஓடும் பகுதிக்குச் செம்போ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுவது நல்லது. பட்டை கான்கிரீட்டை விட்டு வெளியே வரும் இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். அங்கே உள்ளும் வெளியுமாக ஸ்லீவ் போடுங்கள். அலுமினியத்தைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கவே கூடாது, சிமெண்டின் காரம் தின்றுவிடும்.

எல்லாவற்றையும் இணைப்பதும் சில இடங்களில் தவறு. சிங்கிள் கோர் (ஒரே கடத்தி உள்ள) கேபிள் ஒவ்வொன்றும் தனித்தனி ஓட்டை வழியாக மேடையைத் துளைத்து வந்தால், அதைச் சுற்றி மூடிய வளையமாக நிற்கும் கம்பியில் மின்னோட்டம் தூண்டப்பட்டுச் சூடேறும். மூன்று ஃபேஸையும் ஒரே திறப்பில் கொண்டுவாருங்கள். ஏர்கோர் ரியாக்டர் (இரும்பு மையம் இல்லாத மின்சுருள்) மேடையில் கம்பி வளையம் மூடவே கூடாது. தயாரிப்பாளர் தரும் வரைபடம்தான் அங்கே கணக்கு.

கான்கிரீட் ஊற்றும் முன், வெளியே நீட்டிய ஒரு முனையிலிருந்து எதிர்மூலை வரை குறைந்த ஓம் அளக்கும் மீட்டரால் பாருங்கள். மின்னல் காப்புக்கான சர்வதேசத் தரவிதி ஐ.இ.சி. 62305 கட்டடக் கம்பிகளுக்குச் சொல்லும் 0.2 ஓமை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளலாம். சாதாரண மல்டிமீட்டர் இதற்கு ஆகாது. அதன் லீட் வயரே அந்த அளவு காட்டும். ஒவ்வொரு வெல்டிங்கையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்த பிறகே மிக்சர் வண்டியைக் கூப்பிடுங்கள்.