குரோஷேயில் கேபிள் போர்வை: குழந்தைக்காக முதல்முறை பின்னுபவர்களுக்கு

முறுக்கிய கயிறு போல மேலெழுந்து நிற்கும் கேபிள் டிசைனைப் பார்த்ததும் பலர், "இது நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். செயினும் டபுள் குரோஷேயும் தெரிந்தால் போதும், நிச்சயம் வரும். நான் சொல்வது அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷேயை டிரெபிள் என்பார்கள், வீடியோ பார்க்கும்போது குழம்ப வேண்டாம்.

டி.கே. (டபுள் நிட்டிங் எனும் நடுத்தர) தடிமனில் மென்மையான நூல் சுமார் 600 கிராம், 4.5 மி.மீ. ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் நூலை நிறையத் தின்னும். அதனால் அதே டை லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியில், ஓர் உருண்டை கூடுதலாக வாங்கிவிடுங்கள். வெயில் ஊருக்குப் பருத்தி நல்லது, ஆனால் போர்வை கனக்கும். புசுபுசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூல் வேண்டவே வேண்டாம். டிசைனும் தெரியாது, இழை குழந்தையின் வாய்க்கும் போகும். முதல் போர்வைக்கு வெளிர் நிறம்தான் என் தேர்வு, ஸ்டிச் தெளிவாகத் தெரியும்.

எல்லாமே தண்டில்தான் இருக்கிறது. வழக்கமாக ஸ்டிச்சின் தலையில் ஊசியை விடுவோம். இங்கே அதன் உடம்பை, அதாவது தண்டைச் சுற்றிப் பின்னுகிறோம். ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டு, கீழ் வரிசை ஸ்டிச்சின் வலப்பக்கத்தில் முன்னிருந்து பின்னுக்கு நுழைத்து, தண்டுக்குப் பின்னால் கொண்டுபோய், இடப்பக்கம் முன்னால் எடுங்கள். தண்டு ஊசிமேல் படுத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். இனி வழக்கமான டபுள் குரோஷே போல முடியுங்கள். இது முன் தண்டு. பின்னிருந்து நுழைத்துப் பின்னாலேயே எடுத்தால் பின் தண்டு.

போர்வைக்கு 126 செயின் போடுங்கள். (முதலில் 22 செயினில் ஒரு சின்ன மாதிரி பின்னிப் பார்த்தால் கை பழகும்.)

வரிசை 1: ஊசியிலிருந்து எண்ணி நான்காவது செயினில் தொடங்கி, ஒவ்வொரு செயினிலும் ஒரு டபுள் குரோஷே. விட்ட மூன்று செயினையும் ஒரு ஸ்டிச்சாகச் சேர்த்தால் 124. இனி ஒவ்வொரு வரிசையையும் 3 செயினோடு தொடங்குங்கள், அதுவும் ஒரு ஸ்டிச்தான்.

வரிசை 2: நான்கு டபுள் குரோஷே. அப்புறம் நான்கு முன் தண்டு, நான்கு டபுள் குரோஷே என்று கடைசிவரை. மொத்தம் 15 கேபிள் வரும்.

வரிசை 3: இது பின்பக்கம். அதே கணக்கு, முன் தண்டுக்குப் பதில் பின் தண்டு. திருப்பிப் பார்த்தால் மேடு முன்பக்கம் தொடர்ந்திருக்கும்.

வரிசை 4: இங்கேதான் முறுக்கு. கேபிளின் முதல் இரண்டு தண்டுகளை விட்டுவிட்டு, 3, 4-ஆம் தண்டுகளைச் சுற்றி டிரெபிள் போடுங்கள். இது அமெரிக்க டிரெபிள்: டபுள் குரோஷே போலத்தான், ஆனால் ஊசியில் நூல் இரண்டு சுற்று. பிறகு அவற்றுக்கு முன்பக்கமாகவே திரும்பி வந்து, விட்ட 1, 2-ஆம் தண்டுகளைச் சுற்றி இரண்டு டிரெபிள். சாய்ந்து தாண்டிப் போக நீளம் வேண்டும், அதற்குத்தான் டிரெபிள். இதைத் தளர்வாகப் பின்னுங்கள். இழுத்துப் பிடித்தால் துணி அந்த இடத்தில் சுருங்கிவிடும்.

வரிசை 5 மூன்றைப் போல, 6 இரண்டைப் போல, 7 மறுபடி மூன்றைப் போல, 8-இல் மறுபடி முறுக்கு. 4, 8, 12 என்று நான்கால் வகுபடும் வரிசையில் மட்டும் முறுக்கு என்று நினைவில் வைத்தால் போதும்.

வரிசை முடிவில் எண்ணிப் பாருங்கள். என் முதல் போர்வையில் கடைசி ஸ்டிச்சை, அதாவது கீழ் வரிசைத் தொடக்கச் செயினின் உச்சியில் போட வேண்டியதை, தொடர்ந்து விட்டுக்கொண்டே வந்தேன். 124 இருக்க வேண்டிய இடத்தில் 117. ஏழு வரிசையைப் பிரித்தேன், மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

90 செ.மீ. வந்ததும், கடைசி முறுக்குக்கு மேல் இரண்டு வரிசை போட்டு நிறுத்துங்கள். சுற்றிலும் சிங்கிள் குரோஷே (ஊசியில் நூலைச் சுற்றாமல் போடும் குட்டை ஸ்டிச்) இரண்டு சுற்று, மூலையில் ஒரே இடத்தில் மூன்று. பக்கவாட்டில் வரிசைக்கு இரண்டு.

நூல் முனைகளைத் தடித்த தையல் ஊசியால் இருபுறமும் மாற்றி மாற்றி உள்ளே ஓட்டுங்கள். குஞ்சம், மணி, பொத்தான் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது படுக்கையில் தளர்வான போர்வை இருக்கக் கூடாது. மடியில் வைத்திருக்கும்போதும், நம் கண் முன்னால் தரையில் விளையாடும்போதும் விரித்துக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன் ஒருமுறை அலசி, கொடியில் தொங்கவிடாமல் தரையில் துண்டு விரித்துக் காய வையுங்கள். கேபிள் மேல் இஸ்திரி போட்டுவிடாதீர்கள், மேடு தட்டையாகிவிடும்.