காலையில் முதல் அடியிலேயே குதிகால் வலிக்கிறதா?
ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நின்று பாருங்கள். உள்பக்க வளைவே தெரியாமல் பாதம் முழுதும் பதிந்தால் தட்டைப்பாதமாக இருக்கலாம். கூடவே வலியும் இருந்தால், ஷூவுக்குள் வைக்க அளவெடுத்துச் செய்யும் இன்சோல் (உள்ளங்கால் மெத்தை) உதவுமா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். அது வளைவைத் தாங்கி, குதிகாலில் குவியும் பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். (வலியே இல்லையென்றால் வீண் செலவு வேண்டாம்.)

அளவு கொடுக்கப் போகும்போது தினமும் போடும் ஷூவையும் கொண்டுபோங்கள். ஷூவோடு வந்த இன்சோலைக் கழற்றிவிட்டுப் புதியதை வையுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். 2 வாரத்தில் மெல்லக் கூட்டலாம்.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குப் புண் வந்தாலும் வலி தெரியாது. ஷூவைக் கழற்றும்போதெல்லாம் பாதத்தைப் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.