தர்மபுரி உப்புத் தண்ணீரில் கப்பி மீன் வளர்ப்பது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். உப்புகள் குறைந்த மென்மையான நீருக்குரிய நியான் டெட்ரா மீனை இந்தத் தண்ணீரில் விட்டுவிட்டு, ஏன் செத்தது என்று கேட்பவர்கள் பலர். தண்ணீரை மாற்றப் போராடாமல் மீனை மாற்றிக்கொள்ளுங்கள். கப்பிக்கு இப்படி உப்புகள் கூடிய கடின நீர்தான் பிடிக்கும்.

இதன் சொந்த ஊர் டிரினிடாட் தீவும் தென் அமெரிக்காவின் வடகிழக்கும். டிரினிடாட் ஓடைகளில் அருவிக்குக் கீழே பெரிய மீன்கள் வேட்டையாடுவதால் அங்குள்ள ஆண் கப்பிகள் மங்கலாக இருக்கும். எதிரிகள் குறைந்த மேல்பகுதியில் நிறம் கூடும். 1976இல் ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர் கீழ்ப்பகுதிக் கப்பிகளை எதிரியில்லாத கிளையோடையில் விட்டார்; சுமார் இரண்டே ஆண்டுகளில் அவற்றின் வழித்தோன்றல்கள் பளிச்சென்று மாறியிருந்தன. பெண் மீன்கள் நிறமுள்ள ஆணைத் தேர்ந்தெடுப்பதே காரணம்.

1. தொட்டி: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். மூடி அவசியம், கப்பி துள்ளும்.

2. தண்ணீர்: போர்வெல் நீரை ஓர் இரவு வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் குளோரின் போக ஒரு நாள் திறந்து வையுங்கள். ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்ற வேண்டாம். இந்த மீனுக்குத் தேவையான உப்புகளை ஆர்.ஓ. இயந்திரம் வடிகட்டிவிடும்.

3. காத்திருப்பு: எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பான்ஜ் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடாமல் ஃபில்டரை ஓடவிட்டு, அழுகி அம்மோனியா தருவதற்காகத் தினமும் ஒரு சிட்டிகைத் தீவனம் போட்டு வாருங்கள். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பாக்டீரியா குடியேறிய அழுக்கு ஃபில்டர் ஸ்பான்ஜ் ஒன்று வாங்கிப் போட்டால் இன்னும் சீக்கிரம் முடியும்.

4. மீன்: ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வாங்குங்கள், இல்லையெனில் ஆண்கள் துரத்தியே பெண்ணைக் களைப்படையச் செய்துவிடும். கவரோடு இருபது நிமிடம் மிதக்கவிட்டுப் பிறகு திறந்துவிடுங்கள். வெப்பம் 22 முதல் 28 டிகிரி இருக்கட்டும். ஓசூர்க்காரர்கள் மார்கழியில் ஹீட்டர் போட வேண்டியிருக்கும்.

5. பராமரிப்பு: இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீவனம். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

6. குஞ்சுகள்: கப்பி முட்டையிடாது, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒருமுறை இணைசேர்ந்த பெண், விந்தைச் சேமித்துவைத்து ஆண் இல்லாமலேயே மாதக்கணக்கில் ஈனும். தாயே குஞ்சைத் தின்னும். ஆகவே குஞ்சுகள் ஒளிந்துகொள்ள வேலம்பாசி என்ற நீர்ச்செடியை அடர்த்தியாகப் போடுங்கள். பெருகிவிட்டதென்று ஏரியிலோ தென்பெண்ணையிலோ விட்டுவிடாதீர்கள். நம் ஊர்ச் சிறுமீன்களின் இரையையும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும். மீன் கடைக்காரர்கள் நல்ல நிறமுள்ள குஞ்சுகளைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள்.