துளை போடும் முன் கதையைக் கேளுங்கள்: மாசுபட்ட நிலத்தில் வேலை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் அமைப்பில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு பழைய தொழிற்சாலை நிலத்தின் வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். அளந்து வைத்தது போலப் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி. "இங்கெல்லாம் துளை போட்டு மண் எடுத்துடலாம்" என்றார்கள். அந்த இடத்தில் என்ன வேலை நடந்தது, கழிவை எங்கே கொட்டினார்கள் என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு வரைபடத்தைத்தான் விரித்தேன். கையுறை போடுவது, புட்டியில் எண் எழுதுவது எல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வரலாறு தெரியாமல் துளை போடுவது

அது மூடிக்கிடந்த ஒரு துணி ஆலை. அங்கே குடியிருப்பும் சிறு பூங்காவும் வர நாங்கள் உதவுவதாக ஏற்பாடு. கையில் இருந்தது ஒரே ஒரு மானியம். பழைய கட்டடம், பழைய பெயின்ட், அதனால் காரீயம்தான் இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். நிலம் முழுக்க வரிசையாக மேல்மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நினைத்தது போலவே சில இடங்களில் காரீயம் இருந்தது. மேல்மண்ணை அகற்றிப் புது மண் போட்டால் போதும் என்று அறிக்கை எழுதினோம். மானியத்தில் பெரும்பகுதி அதோடு தீர்ந்தது.

திட்டத்தை விளக்க ஊர்க்கூட்டம் வைத்தோம். அந்த ஆலையில் வேலை பார்த்த ஒரு அம்மா எழுந்து, "துணியில் கறை எடுக்க ஒரு மருந்து வச்சிருந்தோம். தண்ணி மாதிரி இருக்கும், இனிப்பா வாசனை வரும். மிச்சத்தைப் பின்பக்கக் குழியில் ஊத்துவோம்" என்றார். குழி எங்கே என்று வரைபடத்தில் காட்டச் சொன்னேன். குடியிருப்பு வரவேண்டிய இடத்தின் நடுவில் விரலை வைத்தார்.

அது பெர்குளோரோஎத்திலீன். டிரை கிளீனிங்கில் பயன்படும் கரைப்பான். தண்ணீரைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு கனமானது. பெட்ரோல் கசிந்தால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். இந்தக் கரைப்பானோ நீரையும் தாண்டிக் கீழே போய், நீர் புகாத களிமண் அடுக்கின் மேல் தேங்கும். அங்கிருந்து ஆண்டுக்கணக்கில் நீரில் கரைந்து நகரும். அதன் ஆவி மேலே ஏறித் தரையின் விரிசல் வழியாக வீட்டுக்குள் வரும். மேல்மண்ணில் எத்தனை மாதிரி எடுத்தாலும் இது சிக்கியிருக்காது.

ஆழத்துளை போடவும் மண்ணுக்குள் இருக்கும் ஆவியை அளக்கவும் பணம் இல்லை. அடுத்த நிதி கிடைக்க இரண்டு ஆண்டு ஆனது. அதைவிட வலித்தது, "பிரச்சினை காரீயம் மட்டும்தான்" என்று எங்கள் வாயாலேயே அந்த மக்களிடம் சொல்லியிருந்தோம் என்பது. அந்த அம்மாவின் வீடு ஆலை வாசலிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். யாரும் போய்க் கேட்கவில்லை. இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கேனால் என்ற இடத்தில் நடந்ததும் எல்லோருக்கும் தெரியவேண்டும். ஒரு ரசாயன நிறுவனம் சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்த நிலம் 1953இல் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு விற்கப்பட்டது. உள்ளே ரசாயனக் கழிவு இருக்கிறது என்று அந்தப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அப்படியும் பள்ளி கட்டினார்கள், சுற்றி வீடுகள் வந்தன. 1978இல் அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அதனால் முதல் வேலை, காகிதமும் பேச்சும்தான். பழைய வரைபடங்கள், வான்வழிப் படங்கள், உரிமப் பதிவுகள், பத்திரங்கள் எல்லாவற்றையும் தேடுங்கள். அப்புறம் அங்கே வேலை பார்த்தவர்களோடு நிலத்தில் நடந்து போங்கள். "மாசு இருந்ததா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். மிச்சத்தை எங்கே ஊற்றினீர்கள், வடிகால் எங்கே போய் முடிந்தது, எதை எரித்தீர்கள், டேங்க் எங்கே புதைந்திருந்தது என்று கேளுங்கள். தொழில் தெரிந்தால் நஞ்சும் பாதி தெரிந்துவிடும். தோல் பதனிடும் இடமென்றால் குரோமியம், மரத்துக்கு மருந்தேற்றிய இடமென்றால் ஆர்செனிக், பெட்ரோல் பங்க் என்றால் பென்சீன், நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த ஆலை என்றால் தாரும் சயனைடும். துளை எங்கே, எவ்வளவு ஆழம் என்பது இதற்கெல்லாம் பிறகுதான்.

மாதிரிகளைக் கலப்பது

ஐந்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் செலவு குறையும், உண்மைதான். ஆனால் ஓரிடத்தில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் காரீயமும் மற்ற நான்கில் 50-உம் இருந்தால், அறிக்கையில் 240 என்றுதான் வரும். அந்த ஓரிடத்தில்தான் நாளைக்கு ஊஞ்சல் வரப்போகிறது என்றால்?

ஆவியாகும் பொருளின் மாதிரியை வெயிலில் வைப்பது

ஐஸ் பெட்டி. உடனே.

பயன்பாட்டை முடிவு செய்யாமல் சுத்தம் செய்வது

வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போதுமான சுத்தம், குழந்தைகள் மண் அளைந்து விளையாடும் இடத்துக்குப் போதாது. என்ன வரப்போகிறது என்று முடிவாகாமல் அளவு நிர்ணயித்தால் ஒரே மண்ணை இரண்டு முறை தோண்டவேண்டி வரும்.

வெளியிலிருந்து வரும் மண்ணை நம்புவது

அதையும் சோதியுங்கள்.

"பயப்பட ஒண்ணுமில்லை" என்பது

மக்கள் கேட்பது அதை அல்ல. பிள்ளை அங்கே விளையாடலாமா, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா, தோட்டத்துக் கீரையைச் சமைக்கலாமா என்றுதான் கேட்கிறார்கள். தெரிந்ததற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். தெரியாததற்கு, எந்தத் தேதியில் முடிவு வரும் என்று சொல்லி, அந்தத் தேதியில் போய் நில்லுங்கள்.

மூடிவிட்டு மறப்பது

நஞ்சு முழுவதையும் தோண்டி எடுக்க முடியாத இடத்தில், மேலே சுத்தமான மண்ணோ கான்கிரீட்டோ போட்டு மூடுகிறோம். பதினைந்து வருஷம் கழித்துக் குழாய் பதிக்க வருபவருக்கு அது தெரியாது. ஆகவே எங்கே, எவ்வளவு ஆழத்தில், எதை மூடியிருக்கிறோம் என்ற வரைபடத்தைப் பத்திரத்தோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு படி, தண்ணீர்க் குழாய் அலுவலகத்துக்கு ஒரு படி. ஆண்டுக்கொரு முறை போய் விரிசல் பார்ப்பது யார், அதற்குப் பணம் எங்கிருந்து என்பதையும் திட்டம் கையெழுத்தாகும் அன்றே எழுதி வாங்குங்கள்.