முறை வைக்காமல் மதகு திறக்கலாம்: மெய்யான உடன்நிகழ்வை வரையும் விதம்

நீர் குறைந்த ஆண்டில் கல்லணையில் முறை வைப்பார்கள்: காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள். கணினியியலில் உடன்நிகழ்வை (செயல்கள் ஒன்றுக்கொன்று காத்திராமல் சேர்ந்து நடப்பதை) விளக்கும் பரவலான வழியும் இதுதான். இரண்டு செயல்கள் சேர்ந்தே நடந்தாலும் 'இது முன், அது பின்; அல்லது அது முன், இது பின்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். இன்டர்லீவிங் என்று பெயர். முறை வைக்காத வழியைத் தாளும் பென்சிலும் எடுத்துப் பழகுவோம்.

படி 1: நிகழ்வுகளும் அம்புகளும்

கல்லணைக்கு நீர் வருகிறது. அதன்பின் காவிரி மதகு திறக்கிறது, கும்பகோணத்துக்கு நீர் சேர்கிறது. வெண்ணாற்று மதகு திறக்கிறது, நீடாமங்கலத்துக்கு நீர் சேர்கிறது. எது நடக்காமல் எது நடக்காதோ, அங்கே மட்டும் அம்பு போடுங்கள். கும்பகோணத்துக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே அம்பு கிடையாது. புதியவர்கள் கடிகாரத்தைப் பார்த்து அம்பு போடுவார்கள், அதுதான் பிழை.

படி 2: எண்ணிப் பாருங்கள்

முறை வைத்து எழுதினால் இதற்கு 6 வரிசைகள். கல்லணைக் கால்வாயையும் இதேபோல் இரண்டு நிகழ்வுகளாகச் சேர்த்தால் 90. அம்புப் படமோ ஒன்றே ஒன்று.

படி 3: வட்டம், பெட்டி, புள்ளி

கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இட்ட அடித்தளத்தில் வளர்ந்தது பெட்ரி வலை. நிகழ்வு பெட்டி, நிலை வட்டம். பெட்டிக்கு அம்பு வரும் வட்டங்கள் எல்லாவற்றிலும் புள்ளி இருந்தால்தான் அது நடக்கும். நடந்ததும் அந்தப் புள்ளிகள் நீங்கி, அடுத்த வட்டங்களில் புதியவை விழும். நீர் வந்ததும் இரண்டு வட்டங்களில் தனித்தனிப் புள்ளி விழுமாறு வரையுங்கள். மதகுகள் ஒன்றுக்கொன்று காத்திருக்காது.

இனி, இரண்டு மதகையும் திறக்க ஒரே லஸ்கர்தான் (மதகை இயக்கும் பணியாளர்) என்று வைத்துக்கொள்வோம். 'லஸ்கர்' என்று ஒரு வட்டம், அதில் ஒரு புள்ளி. இரண்டு பெட்டிகளும் அதை எடுத்துத் திருப்பி வைக்க வேண்டும். இப்போது மறுபடி வரிசைகளை எழுதுங்கள். அதே 6! ஒரு லஸ்கரா இருவரா என்பது பட்டியலில் தெரியவே இல்லை. எனக்கு இந்த இடத்தில்தான் விஷயம் விளங்கியது.

படி 4: செயலைப் பிளந்து சோதியுங்கள்

'மதகு திறத்தல்' என்பதைத் தொடங்குதல், முடித்தல் என இரண்டாக்குங்கள். லஸ்கர் புள்ளி முடிக்கும்வரை திரும்பாது. ஆகவே ஒருவர் மட்டும் இருந்தால், ஒரு மதகு பாதி திறந்திருக்கையில் மற்றொன்றைத் தொடங்க முடியாது. இருவர் இருந்தால் முடியும். வேறுபாடு வெளிப்பட்டுவிட்டது.

படி 5: சதுரம்

கணினியியலாளர் வான் பிராட் (Vaughan Pratt) 1991இல் வடிவியலைக் கொண்டு இதையே காட்டினார். சதுரத்தின் நான்கு மூலைகள்: எதுவும் திறக்கவில்லை, காவிரி மட்டும், வெண்ணாறு மட்டும், இரண்டும். விளிம்பு என்றால் ஒரு மதகு திறந்துகொண்டிருக்கிறது, உட்பகுதி என்றால் இரண்டும் ஒருசேரத் திறந்துகொண்டிருக்கின்றன. இரு லஸ்கர்கள் என்றால் சதுரத்தின் உள்ளே பென்சிலால் நிரப்புங்கள். ஒருவர் என்றால் வெற்றாக விடுங்கள். கல்லணைக் கால்வாயைச் சேர்த்தால் சதுரம் கனசதுரமாகும். மூன்று மதகு, இரண்டு லஸ்கர் என்றால் ஆறு முகங்களும் நிரம்பியிருக்கும், உள்ளே பொள்ளலாக இருக்கும். ஏன் என்று வரைந்து பாருங்கள்.