காமா வெடிப்பு வானத்துல எங்க நடந்துச்சுன்னு சாட்டிலைட் வெச்சு கண்டுபிடிக்கறது எப்படி

காமா கதிர் வெடிப்பு, அதாவது விண்வெளியில எங்கயோ தூரத்துல இருந்து கொஞ்ச நேரம் மட்டும் பாய்ஞ்சு வர்ற காமா கதிர் வெள்ளம், வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கறது பாதி வேலைதான், எந்தத் திசையில இருந்து வந்துச்சுன்னு சொல்றதுலதான் மொத்த கஷ்டமும் இருக்கு. அணுகுண்டு சோதனைய கண்காணிக்க அமெரிக்கா அனுப்புன வேலா சாட்டிலைட்டுங்க 1967லயே முதல் வெடிப்ப பதிவு பண்ணிடுச்சு, ஆனா வெடிச்ச இடத்துல மங்கிக்கிட்டே போற வெளிச்சத்த பாக்கறதுக்கு 1997ல பெப்போசாக்ஸ் சாட்டிலைட் வர வேண்டியிருந்துச்சு. முழுசா 30 வருஷம் இடம் தெரியாம போச்சு பாருங்க.

மொதல்ல வெடிப்ப எப்படி பிடிக்கறதுன்னு பாத்துடுவோம். டிடெக்டர்ல காமா போட்டான், அதாவது காமா கதிரோட ஒளித்துகள், எப்பவுமே விழுந்துக்கிட்டுத்தான் இருக்கும், அதுதான் பேக்ரவுண்ட். செகண்டுக்கு சராசரியா 400 விழுதுன்னு வெச்சுக்குங்க, அதோட வர்க்கமூலம் 20, அந்தளவு ஏத்த இறக்கம் சும்மாவே இருக்கும். அதுல 4.5 மடங்கு, அதாவது 90ஐ சேத்து 490 தாண்டுச்சுன்னா அப்ப கவனிக்கணும். ஃபெர்மி சாட்டிலைட்ல வெவ்வேற திசைய பாத்து 12 சோடியம் அயோடைடு டிடெக்டர் இருக்கு, அதுல குறைஞ்சது ரெண்டுல ஒரே நேரத்துல இந்த மாதிரி ஏறினாத்தான் ட்ரிகர் ஆகும், ஒண்ணுல மட்டும் குதிச்சா அது அந்த டிடெக்டரோட தனிப்பட்ட பிரச்சனையா இருக்கலாம். 16 மில்லிசெகண்ட்ல இருந்து 8 செகண்ட் வரைக்கும் பல கால அளவுல எண்ணிப் பாக்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா கண் சிமிட்டற நேரத்துல முடிஞ்சுபோற வெடிப்ப 8 செகண்ட் கணக்குல கலந்து எண்ணினா பேக்ரவுண்டுக்குள்ளயே காணாம போயிடும்.

ட்ரிகர் ஆன எல்லாமே வெடிப்பு இல்ல. சூரியன்ல இருந்து திடீர்னு பீறிட்டு வர்ற கதிர் (ஃப்ளேர்), பூமியில இடிமின்னல் மேகத்துல இருந்து கிளம்பற காமா, சாட்டிலைட்டுக்கு பக்கத்துல சுத்தற துகள் கூட்டம்னு எல்லாமே ஏமாத்தும், அதனால திசை, எனர்ஜி, எவ்வளவு நேரம் நீடிச்சுதுன்னு மூணையும் சேத்துத்தான் முடிவு பண்ணனும்.

இப்ப இடத்துக்கு வருவோம். ரொம்ப எளிய வழி, எந்த டிடெக்டர்ல எவ்வளவு விழுந்துச்சுன்னு ஒப்பிடறது. தட்டையான டிடெக்டர நேரா பாத்து வந்தா முழுசா விழும், 60 டிகிரி சாஞ்சு வந்தா கிட்டத்தட்ட பாதிதான் விழும். எல்லா டிடெக்டரோட கணக்கையும் சேத்தா திசை கிடைக்கும், ஆனா சில டிகிரி பிசகும், முழு நிலாவே அரை டிகிரிதான்னு யோசிச்சா அது எவ்வளவு பெரிய பரப்புன்னு புரியும்.

இதவிட எனக்கு ரொம்ப பிடிச்சது ஸ்விஃப்ட்ங்கற இன்னொரு சாட்டிலைட்டோட வழி. இந்த எனர்ஜியில வர்ற கதிர சாதாரண லென்ஸ் வெச்சு குவிக்க முடியாது, ஊடுருவி போயிடும், அதனால சுமார் 52,000 சின்ன ஈயத் துண்டுகள ஒழுங்கில்லாம பரப்பி, அதுக்கு ஒரு மீட்டர் கீழ 32,768 குட்டி டிடெக்டர வெச்சிருக்காங்க. வெடிப்பு நடந்தா ஈயத்தோட நிழல் கீழ விழும், அந்த நிழல் எந்தப் பக்கம் எவ்வளவு நகந்திருக்குன்னு கம்ப்யூட்டர் பொருத்திப் பாத்து, டிகிரில 60ல ஒரு பங்கு அளவு துல்லியமா, கொஞ்சம் முன்னப்பின்ன இடத்த சொல்லிடும். உடனே சாட்டிலைட்டே அந்தப் பக்கம் திரும்பி, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல எக்ஸ்ரே டெலஸ்கோப்ல பாத்து இன்னும் நுணுக்கமா குறிச்சுக் குடுக்கும்.

மூணாவது வழி நேர வித்தியாசம். காமா கதிர பிடிக்கற கோனஸ் கருவி இருக்கற விண்ட் விண்கலம் பூமியில இருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கு, வெளிச்சம் அந்த தூரத்த கடக்க 5 செகண்ட் ஆகும். அதே வெடிப்பு ஃபெர்மிக்கு 2.5 செகண்ட் முன்னப்பின்ன வந்தா, 2.5ஐ 5ஆல வகுத்தா அரை, அப்ப ரெண்டையும் இணைக்கற கோட்டுக்கு 60 டிகிரி கோணத்துல வானத்துல ஒரு வளையம் கிடைக்கும், அதுல எங்கயோதான் வெடிப்பு இருக்கு. மூணாவதா இன்னொரு விண்கலம் இருந்தா வளையங்க ரெண்டு இடத்துல வெட்டும், அதுல எதுன்னு டிடெக்டர் ஒப்பீட்ட வெச்சு தேர்ந்தெடுக்கலாம். விண்கலங்களுக்கு நடுவுல தூரம் அதிகமாக அதிகமாக வளையம் மெல்லிசாகும்.

வெடிப்பு இந்த இடத்துலன்னு அறிவிப்பு வந்ததும் மொதல்ல பிழை ஆரத்ததான், அதாவது சொன்ன இடத்துல இருந்து எவ்வளவு தள்ளி இருக்கலாம்ங்கற அளவத்தான் பாக்கணும். டிகிரி கணக்குல இருந்தா குறுகின பார்வை இருக்கற டெலஸ்கோப்ப திருப்பி நேரத்த வீணாக்காதீங்க, அகலமா படம் எடுக்கற கேமராவுக்கு விடுங்க, இல்லன்னா இன்னொரு கருவியோட கணக்கு வர்ற வரைக்கும் காத்திருங்க.

நீங்களே செஞ்சு பாக்கணும்னா ஃபெர்மி டேட்டா இலவசமாவே கிடைக்குது, ஒவ்வொரு போட்டானும் வந்த நேரத்தோட இருக்கற ஃபைல எடுத்து, வெவ்வேற கால அளவுல வெட்டி லைட் கர்வ், அதாவது நேரம் போகப்போக எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குதுன்னு காட்டற வரைபடம், வரைஞ்சு பாருங்க. 2022 அக்டோபர் 9 அன்னைக்கு வந்த வெடிப்ப மட்டும் ஆரம்பத்துல தொடாதீங்க, அது அவ்வளவு பிரகாசம், டிடெக்டர் எண்ண முடியாம திணறிப்போச்சு, உச்சத்துல இருக்கற கணக்க அப்படியே நம்ப முடியாது. நடுத்தர பிரகாசமா, ஒரே ஒரு உச்சி இருக்கற வெடிப்பா எடுத்துக்குங்க.