சைக்கிளுக்குப் புது டயர் மாட்டும்போது கடைசி ஒரு ஜாண் ஏறலன்னா

புது டயர் முக்கால்வாசி கையிலயே ஏறிடும், கடைசி ஒரு ஜாண் மட்டும் என்ன தள்ளுனாலும் அசையாது, அங்கதான் ஆளுங்க ஸ்க்ரூடிரைவர எடுக்குறாங்க. தயவுசெஞ்சு எடுக்காதீங்க, புது டியூப் ஓட்டையாயிடும்.

முதல்ல சைஸ் பாருங்க. டயர் பக்கவாட்டுல 37-622 மாதிரி ஒரு நம்பர் இருக்கும். முன்னாடி இருக்குறது அகலம், பின்னாடி இருக்குறது டயர் ரிம்ல உக்கார்ற எடத்தோட விட்டம், ரெண்டும் மில்லிமீட்டர்ல. அந்த ரெண்டாவது நம்பர் பழைய டயர்ல இருக்குறதோட அப்படியே ஒத்துப்போகணும். 28 இஞ்ச்னு கேட்டு வாங்குனா பத்தாது, பழைய காலத்து பெரிய சைக்கிளுக்கு 635, இப்ப வர்ற ஹைபிரிட் சைக்கிளுக்கு 622, ரெண்டையும் 28னுதான் சொல்றாங்க. 26 இஞ்ச்லயும் 559, 590னு இருக்கு. இது மாறிப்போச்சுன்னா எந்த வித்தையும் பலிக்காது.

சைஸ் சரின்னா இத புரிஞ்சுக்கங்க. டயர் ஓரத்துக்குள்ள ஒரு கம்பி ஓடுது, அது இழுத்தா நீளாது. ஆனா ரிம்முக்கு நடுவுல ஒரு பள்ளம் இருக்கு, அந்தப் பள்ளத்துல கம்பி எறங்குனா அங்க சுத்தளவு கம்மி, மிச்சமாகுற தளர்வு எதிர்ப்பக்கம் வந்துடும். உங்களுக்கு வேணுங்குறது அந்தத் தளர்வுதான். ரிம் டேப்ப, அதான் டியூப்புக்கு அடியில ரிம்ம சுத்தி போடுற பட்டைய, ரெண்டு சுத்து சுத்தி வச்சிருந்தா பள்ளம் அடைச்சிடும், ஒண்ண எடுத்துருங்க.

இப்ப மாட்டலாம். டயர்ல அம்புக்குறி இருந்தா அது சக்கரம் சுத்துற திசைய பாக்கணும். ஒரு ஓரத்த முழுசா ஏத்துங்க. டியூப்ல உருண்டை வர்ற அளவு மட்டும் காத்து விட்டு உள்ள வைங்க, வால்வு நேரா நிக்கணும், நட்ட முறுக்க வேணாம்.

ரெண்டாவது ஓரத்த வால்வுக்கு எதிர்ல ஆரம்பிச்சு ரெண்டு கையாலயும் ஏத்திக்கிட்டே வந்து வால்வுகிட்ட முடிங்க. நெறைய பேரு தலைகீழா வால்வுகிட்ட ஆரம்பிக்கிறாங்க, அங்க வால்வு அடி பள்ளத்த அடைச்சுக்கிட்டு நிக்குறதால கம்பி எறங்காது, அதனாலதான் கடைசில இறுகுது.

இறுகிடுச்சா? காத்த மொத்தமா எறக்கிட்டு, எதிர்ப்பக்கத்துலேருந்து டயரோட ரெண்டு ஓரத்தையும் விரலால நெருக்கி பள்ளத்துக்குள்ள தள்ளிக்கிட்டே, டயர இறுக்கி வால்வு பக்கமா இழுத்துக்கிட்டே வாங்க, ரெண்டு தடவ சுத்தி வந்தாலே கடைசி எடம் லூசாகுறது கையில தெரியும். கொஞ்சம் சோப்புத் தண்ணி தடவி உள்ளங்கையால உருட்டி ஏத்துங்க. அப்பவும் வரலன்னா மட்டும் டயர நெம்புற பிளாஸ்டிக் லீவர், ஒரு தடவைக்கு ஒரு இஞ்ச், டியூப் அதுக்கு அடியில இல்லன்னு பாத்துட்டு.

ஏறுனதும் வால்வ உள்பக்கமா ஒரு அழுத்து அழுத்தி விடுங்க, அங்க மாட்டியிருக்குற டியூப் விடுபடும். ரெண்டு பக்கமும் டயர விலக்கி டியூப் எங்கயும் எட்டிப்பாக்கலன்னு சுத்தி பாருங்க, இத விட்டுட்டு பம்பு அடிச்சா டியூப் வெடிச்சிடும். பாதி காத்து அடிச்சு, டயர்ல ரிம் ஓரமா ஓடுற கோடு சுத்தியும் ஒரே ஒயரத்துல தெரியுதான்னு பாருங்க. எங்கயாவது உள்ள போயிருந்தா காத்த எறக்கி அங்க சோப்புத் தண்ணி தடவி திரும்ப அடிங்க. சரியா வந்தப்புறம் முழு காத்து, டயர்ல போட்டிருக்குற அளவுக்கு மேல போகாம.